எழுதியவரே பதிப்பாளர்: முகவைக் கரையும் காதல் நாவலும்

தமிழில் இன்று பரவலாக வாசிக்கப்படும் புனைகதை எதுவென்று வாடகை நூலகம் நடத்துபவர்களையும் கைபேசியில் தொடர்கதை படிப்பவர்களையும் கேட்டால், காதலையும் குடும்பத்தையும் மையமாகக் கொண்ட நாவல்கள் என்ற விடையே முதலில் வரும். ஆனால் தமிழ் நாவலின் வரலாற்றைக் கூறும் நூல்களில் அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் மிகச் சிலவே. இருவரின் காதலே கதையின் முதன்மை இழையாக அமைந்து, அவர்களுக்கிடையே எழும் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கி, இறுதியில் இருவரும் இணைவதில் நிறைவுறும் கதை காதல் நாவல் எனப்படுகிறது. தமிழில் அந்தக் காதல் பெரும்பாலும் திருமணத்தை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே, மாமியார், நாத்தனார், கூடப்பிறந்தவர்கள் சூழ நிகழ்வதால் வாசகியர் அதனைக் குடும்ப நாவல் என்றும் அழைக்கின்றனர்.

இத்தகைய நாவலை எழுதுபவர் ஒரு பதிப்பகத்தின் ஏற்புக்காகக் காத்திராமல், திருத்தம், அட்டை, விலை, விற்பனை ஆகிய அனைத்துக்கும் தாமே பொறுப்பேற்று வெளியிடுவது சுயபதிப்பு ஆகும். தமிழ்ப் பதிப்புத்துறை நெடுங்காலம் சென்னையிலேயே குவிந்திருந்தமையால், அந்நகரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் விலகி, முகவை எனப்படும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கும் இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை போன்ற ஊர்களில் எழுத விரும்பியவர்களுக்குத் தொலைவே முதல் தடையாக இருந்தது. அத்தடை இன்று பெரிதும் நீங்கிவிட்டது. ஆனால் அது நீங்கிய இடத்தில் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்திருக்கிறது. தம் எழுத்தின் மீதான உரிமை எத்தன்மையது என்பதை அறிவதும், அதைக் கைநழுவ விடாமல் காப்பதும் இனி எழுதுபவரின் கடமைகளாகின்றன. சுயபதிப்பின் நிலையான பயன் விரைவில் கிடைக்கும் பணத்திலோ புகழிலோ இல்லை, இந்த உரிமையில்தான் இருக்கிறது என்பதைத் தமிழ்ப் பதிப்பின் வரலாறும் இன்றைய நடைமுறையும் சேர்ந்தே காட்டுகின்றன.

நெய்தல் நிலமும் அகப்பொருளும்

காதலை எழுதுவது இக்கரைக்குப் புதிதன்று. தமிழ் இலக்கண மரபு வாழ்க்கையை அகம், புறம் எனப் பகுத்து, ஒத்த அன்புடைய இருவரின் காதலை அகத்தில் வைத்தது. பிறர் அறியாமல் வளரும் காதலைக் களவு என்றும், ஊரறிய மணந்து நடத்தும் இல்லறத்தைக் கற்பு என்றும் பிரித்தது. ஐவகை நிலங்களுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். அதற்குரிய உணர்வு இரங்கல், அதாவது பிரிந்து சென்றவரை நினைந்து வருந்துதல். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையில் இருப்பவர் காத்திருக்கும் வாழ்க்கை இன்றும் தொடரும் இராமேஸ்வரம் தீவில், இந்த இலக்கணம் ஏட்டோடு நின்றுவிட்ட ஒன்றாகத் தோன்றுவதில்லை.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் ஆதரவில் வளர்ந்த புலமை மரபும் அகப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. சேது சமஸ்தான வித்துவானாக விளங்கிய ரா. இராகவையங்கார் காதற் பாடல்களின் தொகுப்பாகிய குறுந்தொகைக்கு விளக்கம் எழுதியவர். சேதுபதி குடும்பத்து உறவினரான பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்தவரும் அவரே. எனினும் அக்காலத்தில் ஒரு நூல் எழுதப்படவும் அச்சேறவும் புரவலர் ஒருவரின் கை தேவைப்பட்டது. பின்னர் அந்த இடத்தைப் பதிப்பகங்களும் வார, மாத இதழ்களும் எடுத்துக்கொண்டன. புரவலரும் பதிப்பகமும் இடையில் இல்லாமல் எழுதுபவரும் வாசிப்பவரும் நேரே சந்திக்கும் நிலை, நூல் வெளியீட்டின் மூன்றாவது கட்டமாக இப்போது உருவாகியிருக்கிறது.

தாமே பதிப்பித்த முன்னோர்

இக்கட்டம் முழுவதும் புதியதென்று கூறுவதற்கில்லை. சுப்பிரமணிய பாரதி 1920இல் கடையத்தில் வாழ்ந்தபோது, தம் எழுத்துகளை 40 நூல்களாகவும் நூல் ஒன்றுக்கு 10,000 படிகளாகவும் தாமே அச்சிட்டு விற்கத் திட்டமிட்டு, அதற்குரிய முதலைக் கடனாகத் தருமாறு நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். முதல் திரளவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமையும், பாடல்களை ஒலிப்பதிவு செய்து திரைப்படத்தில் பயன்படுத்தும் உரிமையும் பிற்காலத்தில் வெவ்வேறு கைகளுக்குச் சென்றன. ஒலிப்பதிவு உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் அரசு அவற்றைப் பெற்றுப் பின்னர் அனைவருக்கும் பொதுவாக்கியது. ஒரே படைப்பின் அச்சு உரிமை வேறு, ஒலி உரிமை வேறு என்பதைத் தமிழுலகம் கண்கூடாகக் கண்ட நிகழ்வு அது.

பாரதியின் திட்டம் கனவாக நின்றதற்கு மாறாக, அதனைச் செயலாக்கிக் காட்டியவர் வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்து, சிறுமியாக இருக்கும்போதே மணமுடிக்கப்பட்டு, பள்ளிப் படிப்பு வாய்க்காத அவர், தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி எழுத ஆக்கினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை ஏற்று, அதில் ‘வைதேகி’ என்னும் நாவலைத் தொடராக வெளியிட்டார். அதிலிருந்து 1960இல் மறையும்வரை 115 நாவல்களை எழுதினார். கதையை எழுதுவது, இதழை நடத்துவது, சந்தாதாரரைச் சேர்ப்பது, தொடர் முடிந்தபின் நூலாக்குவது ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பிலேயே நடந்தன. முதலில் தொடர், பின்னர் நூல், வாசகியரோடு நேரடித் தொடர்பு, உரிமை எழுதியவரிடமே இருத்தல் என்னும் அவருடைய வழிமுறை, இன்று கைபேசித் திரையில் காதல் நாவல் எழுதும் பெண்களின் வழிமுறையோடு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்துகிறது. அவர் காலத்திலேயே, 1938இல், கடற்கரை ஊரான நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா கடமையா?’ என்னும் நாவலை வெளியிட்டார் என்பதும், தமிழ் முஸ்லிம் பெண்களின் நாவல் வரலாறு அந்நூலிலிருந்தே தொடங்குகிறது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

மாத நாவலின் ஆட்சி

1969இல் ‘ராணிமுத்து’ வெளிவரத் தொடங்கியதும், அதன்பின் ‘மாலைமதி’, ‘கண்மணி’ போன்ற மாத நாவல் இதழ்கள் பெருகியதும் காதல் நாவலைப் பேருந்து நிலையக் கடைகளிலும் ரயில் நிலையக் கடைகளிலும் கொண்டுவந்து சேர்த்தன. ரமணிசந்திரனின் நாவல்கள் இதழ்களிலும் பின்னர் நூல்வடிவிலும் வந்து, ஒரு தலைமுறைப் பெண்களின் வாசிப்பையே வடிவமைத்தன. வாடகை நூலகங்களில் அவருடைய பெயருக்கெனத் தனி அடுக்கு இருந்தது. இந்த ஏற்பாட்டினால் எழுத்தாளருக்குப் பெரிய வாசகர் கூட்டம் கிடைத்தது. பல சிற்றூர்ப் பெண்களுக்கு எழுதும் துணிவும் கிடைத்தது.

ஆனால் இதன் பொருளாதாரம் பெரும்பாலும் ஒரு கதைக்கு ஒரு தொகை என்னும் முறையில் அமைந்தது. அத்தொகையைப் பெற்றபின் அக்கதை எத்தனை முறை மறுபடி அச்சேறினாலும் எழுதியவருக்குப் பங்கு வருமா என்பது எழுத்தாலான ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அத்தகைய ஒப்பந்தமே இல்லாமல் நம்பிக்கையின் பேரில் கைமாறிய கதைகள் பல. வலைக்கும் இயந்திரத்துக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவருக்கே அவர் வைத்த விலைக்குக் கொடுக்க வேண்டிய கட்டுக்கு உள்ளாவதைக் கடற்கரை நன்கறியும். உரிமையின் எல்லையை எழுதிக்கொள்ளாமல் கதையைக் கொடுத்தவரின் நிலையும் அதனின் வேறன்று. மாத இதழ்களின் விற்பனை தளர்ந்தபோது அந்த வாசகியர் வாசிப்பை விட்டுவிடவில்லை. அவர்கள் கைபேசிக்கு இடம்பெயர்ந்தனர்.

கைபேசித் திரையில் தொடர்கதை

அமேசான் நிறுவனம் 2007இல் கிண்டில் என்னும் மின்னூல் கருவியையும், எழுத்தாளர் தம் நூலைத் தாமே பதிவேற்றி விற்கும் சேவையையும் அறிமுகப்படுத்தியது. தமிழ் மின்னூல்களுக்கு அது இடமளித்தது 2016இன் இறுதியில். இதற்கிடையே 2014இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி, இந்திய மொழிகளில் எவரும் கதை எழுதி அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடும் தளமாக வளர்ந்தது. இவற்றோடு, காதல் நாவல் எழுதுபவர்கள் சிலர் தாமே இணையதளம் அமைத்துத் தம் கதைகளையும் பிறர் கதைகளையும் தொடராக வெளியிடுகின்றனர். ‘எபி’ என்று வாசகியர் சுருக்கி அழைக்கும் ஓர் அத்தியாயம் வெளியானவுடன் அதைப் பற்றிய கருத்துகள் வந்து குவிகின்றன. அடுத்த அத்தியாயத்தின் போக்கை எழுத்தாளர் அவற்றையும் மனத்தில் கொண்டே அமைக்கிறார். தொடர் முடிந்ததும் அது மின்னூலாகிறது. வரவேற்பு இருந்தால் அச்சு நூலாகிறது. அண்மைக்காலத்தில் யூடியூபில் குரல்வழி நாவலாகவும் ஒலிக்கிறது.

காதல் நாவலே சுயபதிப்பில் முன்னணியில் நிற்பது தமிழுக்கு மட்டும் உரிய போக்கன்று. 2012இன் தொடக்கத்தில் தம் முதல் நாவலைத் தாமே வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் கொலீன் ஹூவர், பின்னர் உலகின் மிகப் பெரிய விற்பனையுடைய எழுத்தாளர்களுள் ஒருவரானார். காதல் நாவலின் வாசகர் ஒன்றை முடித்த கையோடு அடுத்ததைத் தேடுபவர். பிடித்த எழுத்தாளரின் பழைய நூல்களையும் ஒன்று விடாமல் படிப்பவர். விளம்பரத்தைவிடத் தோழியின் சொல்லை நம்புபவர். இந்த மூன்று இயல்புகளும், பெரிய விளம்பரப் பொருள்வளம் இல்லாத தனி எழுத்தாளருக்குச் சாதகமானவை.

பதிப்பாளரின் வேலைகள்

பதிப்பகம் இல்லை என்பதனால் பதிப்பகத்தின் வேலைகள் இல்லாமற் போவதில்லை. அவை எழுத்தாளரின் தோளுக்கு மாறுகின்றன. அவற்றுள் முதன்மையானது செம்மையாக்கம். கதையின் கட்டுக்கோப்பு, பாத்திரத்தின் வயதும் பெயரும் இறுதிவரை மாறாமல் இருத்தல், காலக்கணக்கு, பேச்சுத்தமிழ் அந்த ஊருக்கும் அந்தச் சமூகத்துக்கும் பொருந்துதல் ஆகியவற்றைப் பிறர் ஒருவர் கண்கொண்டு பார்ப்பது ஒரு நிலை. ஒற்றுப்பிழை, சொற்பிரிப்பு, நிறுத்தற்குறி ஆகியவற்றைத் திருத்தும் மெய்ப்புப் பார்த்தல் மற்றொரு நிலை. தொடராக வந்த கதையில் முன் அத்தியாயத்தை நினைவூட்டும் வரிகளும், ஆவலைத் தூண்டுவதற்காக மட்டும் வைத்த திருப்பங்களும் மிகுந்திருக்கும்; ஒரே மூச்சில் படிக்கும் நூலில் அவை சலிப்பூட்டும் என்பதால், தொடரை அப்படியே நூலாக்காமல் ஒரு முறையேனும் திருப்பி எழுதுவது வாசகருக்குச் செய்யும் மரியாதையாகும்.

அடுத்தது எழுத்துரு. கைபேசியிலும் இணையத்திலும் தமிழ் எழுத்துகள் யுனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் அமைகின்றன. மின்னூலுக்கு அதுவே தேவை. ஆனால் அச்சகங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் பழைய வகை எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதறுவதுண்டு. மூலப்படியை எப்போதும் யுனிகோடில் வைத்துக்கொள்வதும், அச்சுக்காக மாற்றிய பக்கங்களை வரிவரியாகச் சரிபார்ப்பதும் இதற்குத் தீர்வு. அட்டைப்படமோ கைபேசித் திரையில் விரல்நுனி அளவிலேயே தோன்றும் என்பதால், தலைப்பும் எழுத்தாளர் பெயரும் அந்தச் சிற்றளவிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். அதில் பயன்படுத்தும் ஒளிப்படத்துக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு என்பதை மறக்கலாகாது.

விலையும் வருவாயும் நுணுகி அறிய வேண்டியவை. அமேசானின் சேவையில் விற்பனை விலையில் 35 சதவீதம் அல்லது 70 சதவீதம் எழுத்தாளருக்குச் சேரும். இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70 சதவீதம் பெற வேண்டுமானால், விலை வரம்புடன், 90 நாள் தனியுரிமைத் திட்டத்தில் நூலைச் சேர்த்தாக வேண்டும். அத்திட்டத்தில் சேர்ந்த நூல், மாதக் கட்டணம் செலுத்தி எத்தனை நூலும் படிக்கும் சந்தா வாசகருக்கும் கிடைக்கும். அவ்வாசகர் படித்த பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, மாதந்தோறும் ஒதுக்கப்படும் பொது நிதியிலிருந்து எழுத்தாளருக்குப் பங்கு வரும். தனியுரிமை என்பதன் பொருள், அந்த 90 நாளில் அதே கதை மின்வடிவில் வேறெங்கும், எழுத்தாளரின் சொந்தத் தளத்தில்கூட, இருக்கலாகாது என்பதாகும். அச்சு நூலுக்கு இத்தடை இல்லை. தொடராக வெளியிட்ட அத்தியாயங்களை நீக்காமலே இத்திட்டத்தில் சேர்ப்பது விதிமீறலாகி, நூலே நீக்கப்படும் நிலைக்குக் கொண்டுசெல்லக்கூடும். செயற்கை நுண்ணறிவுக் கருவி உருவாக்கிய எழுத்தோ படமோ நூலில் இருந்தால் அதை நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

அச்சு நூலைப் பொறுத்தவரை, முகவைக்கு ஒரு பழைய உறவு அருகிலேயே இருக்கிறது. அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி, 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஒருமுறை பல நூறு படிகள் அச்சிட்டால் ஒரு படியின் அடக்கவிலை குறையும். ஆனால் விற்காத படிகள் வீட்டில் தங்கும். கேட்பவருக்கு மட்டும் ஒவ்வொரு படியாக அச்சிட்டு அனுப்பும் தேவைக்கேற்ற அச்சு முறையைச் சென்னையில் 2012இல் தொடங்கிய நோஷன் பிரஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்துகின்றன. அதில் அடக்கவிலை கூடும், முதல் முடங்காது. வாடகை நூலகங்களே காதல் நாவலின் அச்சுப் படிகளை முறையாக வாங்குபவை என்பதால், எத்தனை நூலகங்கள் வாங்கும் என்பதை முன்னதாக விசாரித்து அதற்கேற்ப அச்சிடுவது அறிவுடைமை.

உரிமையின் இலக்கணம்

இந்த வேலைகளையெல்லாம் தாங்கிப் பிடிப்பது உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஒரு கதை எழுதப்பட்ட கணத்திலேயே அதன் உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது; பதிவு செய்வது சான்றுக்கு உதவுமேயன்றிக் கட்டாயமன்று. அவ்வுரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. எனவே இன்று இளம்பெண் ஒருவர் எழுதும் நாவல், அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் வருவாய் தரத்தக்க சொத்தாகும். உரிமையைப் பிறருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தாலும் கையொப்பத்தாலும் மட்டுமே செல்லும், வாய்ச்சொல் செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாதவரிடமிருந்து அது நீங்கிவிடும். பழைய மாத நாவல் எழுத்தாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்விதிகளை அறிந்தால், கைவிட்டுப் போனதாக எண்ணிய கதைகள் சிலவேனும் இன்னும் தம்முடையவையே என்பதைக் காணக்கூடும்.

மின்னூல், அச்சு நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் அல்லது இணையத்தொடர் ஆகியவை தனித்தனி உரிமைகள். “அனைத்து உரிமைகளும்” என்ற ஒரே தொடரால் அவற்றை ஒருசேர எழுதிக் கொடுத்துவிடுவது, குறிப்பாக எழுத்தாளரிடமே பணம் பெற்றுக்கொண்டு நூல் வெளியிடும் நிறுவனங்களோடு கையொப்பமிடும்போது நேரக்கூடிய இழப்பாகும். தம் செலவிலேயே நூலை வெளியிடுபவர் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை.

பெயரும் இதனோடு சேர்ந்த செய்தி. அகப்பாடலில் காதலரின் பெயரைச் சுட்டலாகாது என்பது பழைய விதி; இன்றோ எழுதுபவர் தம் பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய கடற்கரை ஊரில், காதல் கதை எழுதும் பெண்ணை ஊர் எவ்வாறு பேசும் என்ற அச்சம் பொய்யானதன்று. புனைபெயரில் எழுதுவதைச் சட்டம் ஏற்கிறது. ஆயினும் எழுதியவர் யாரென்று வெளிப்படாத நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே உரிமைக்காலம். பதிவேற்றும் தளங்கள் நூலில் புனைபெயரையும் வங்கிக் கணக்கில் இயற்பெயரையும் ஏற்கின்றன என்பதால், கதையின் முதல் வரைவுகளையும் நாளிட்ட கோப்புகளையும் பாதுகாத்து வைப்பது பின்னாளில் உரிமையை நிறுவ உதவும். அனுமதியின்றி நாவலைப் பி.டி.எஃப். கோப்பாக்கி வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பகிர்வது தண்டனைக்குரிய குற்றம். பகிரும் வாசகியர் பலர் அதைக் குற்றமென்றே அறியாமல் அன்பினால் செய்கின்றனர் என்பதால், ஒவ்வொரு நூலின் முதற்பக்கத்திலும் அதை எளிய சொற்களில் விளக்குவது பயன்தரும்.

நூலுக்கு உலகப் பொதுவான அடையாள எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். என்னும் 13 இலக்க எண்ணை, புது தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. தனி எழுத்தாளரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். அச்சு நூலை வெளியிட்டவர், 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 நாட்களுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா, மும்பை, தில்லி ஆகிய நகரங்களின் உரிய நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். இது சுமையாகத் தோன்றினாலும், இலக்கிய வரலாறு ஒதுக்கிய வகை நாவல்கள் வருங்கால ஆய்வாளர் கைக்குக் கிடைக்க இதுவே வழி.

கரை சொல்லக் காத்திருக்கும் கதைகள்

உரிமை காக்கப்படுவது, காக்கத்தக்க ஒன்று எழுதப்படும்போதுதான் பொருள்பெறும். பெருநகர மாளிகையும் தொழிலதிபர் நாயகனும் தமிழ்க் காதல் நாவலில் திரும்பத் திரும்ப வந்துவிட்டனர். முகவைக் கரையின் வாழ்க்கை அதில் மிக அரிதாகவே இடம்பெற்றிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்ற தடைக்காலம், ஆண்கள் கரையிலேயே இருக்கும் பருவம். வருவாய் நின்று, கடன் வளர்ந்து, வீட்டுக்குள் நெருக்கமும் பிணக்கும் ஒருங்கே கூடும் பருவமும் அதுவே. பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்து போன்ற கடற்பாசிகளைச் சேகரிக்கின்றனர். அவ்வளைகுடாவின் தீவுகளைச் சூழ்ந்த கடல், தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருவதால் தொழிலுக்கும் சட்டத்துக்கும் இடையே அவர்கள் நாள்தோறும் வழிகாண வேண்டியிருக்கிறது. தம் கையால் உழைத்துத் தம் பெயரில் வருவாய் ஈட்டும் நாயகியை நாவலில் தேடும் எழுத்தாளர் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை.

எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை கைது செய்த மீனவரின் வருகைக்காகக் காத்திருக்கும் மனைவி, நெய்தலின் இரங்கலை இந்நூற்றாண்டின் அரசியலுக்குள் வாழ்பவர். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் போட் மெயில் ரயிலும் கப்பலும் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைத்திருந்த காலமும், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவின் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் அறுந்த உறவுகளும், மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறையின் காதலும் நாவலுக்குரிய பெரும்பொருள்கள். கீழக்கரையில், வெளிநாட்டில் பொருளீட்டும் கணவரோடு கடிதத்தாலும் பின்னர் கைபேசியாலும் இல்லறம் நடத்திய பெண்களின் அனுபவம், பிரிவைப் பற்றிய தமிழ்க் கவிமரபின் நேர்த்தொடர்ச்சி. வாடை, கச்சான், கொண்டல், சோழகம் என்று காற்றுக்கு இக்கரை வைத்திருக்கும் பெயர்கள் நாவலில் இடம்பெறும்போது, அவை வெறும் பின்னணி வருணனையாகாமல், படகு போகுமா போகாதா என்ற வாழ்வின் கேள்வியாகவே அமையும்.

இப்பொருள்களை எழுதுபவருக்குத் துல்லியம் கடமையாகிறது. இராமநாதசுவாமி கோயிலும் ஏர்வாடி தர்காவும் கடலோரத் தேவாலயங்களும் அருகருகே விளங்கும் மாவட்டத்தில் வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இருவரின் காதலை எழுதினால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் 30 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது என்பதையும், அந்த 30 நாளில் இருவீட்டாரிடமும் என்ன நிகழக்கூடும் என்பதையும் கதை மறைக்கலாகாது. அவ்வாறே, நாயகியை அடித்தும் அவமதித்தும் கட்டாயப்படுத்தியும் நடந்த நாயகனை, அவன் உள்ளத்தில் அன்பு இருந்தது என்ற ஒரே காரணத்தால் இறுதியில் மன்னித்துவிடும் கதைகள் இவ்வகையில் நிறைய வந்துள்ளன. இடையில் பதிப்பாசிரியர் இல்லாத இடத்தில், அத்தகைய வன்முறையைக் காதலென்று காட்டலாமா என்ற கேள்வியை எழுத்தாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒத்த அன்பே அகம், ஒருபக்க அன்பும் பொருந்தா அன்பும் அகத்தின் நடுவணவல்ல என்று வகுத்த மரபில் வந்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

ஊர் செய்யக்கூடியவை

தனி எழுத்தாளர் என்ற சொல் தனிமையைக் குறிக்க வேண்டியதில்லை. வரலாற்றறிஞர் எஸ். எம். கமால் சேதுபதி மன்னர்களின் வரலாற்றையும் செப்பேடுகளையும் ஆராய்ந்து எழுதிய நூல்கள், இராமநாதபுரத்திலேயே இயங்கிய சர்மிளா பதிப்பகத்தின் வாயிலாக வெளிவந்து தமிழகமெங்கும் பரவின. ஊரிலிருந்தே நூல் வெளியிட்டு மதிப்புப் பெற முடியும் என்பதற்கு அது சான்று. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உள்ளூர்ப் பெண் எழுத்தாளர்களுக்கென ஓர் அரங்கு, கிளை நூலகங்களில் செம்மையாக்கத்தையும் பதிப்புரிமையையும் கற்பிக்கும் பயிலரங்கு, மகளிர் குழுக்களின் துணையோடு கூட்டாக அச்சிட்டு விற்கும் ஏற்பாடு ஆகியவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. ஒரு குழுவில் நால்வர் சேர்ந்தால் ஒருவர் கதையை மற்றவர் திருத்தலாம். அட்டைக்கும் மெய்ப்புக்கும் ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒப்பந்தம் ஒன்று வந்தால் கையொப்பமிடுமுன் கூடிப் படிக்கலாம்.

காதல் நாவல் எளிய வாசிப்பு என்பதனால் அதன் உழைப்பும் எளிது என்றோ, அதன் உரிமை சிறிது என்றோ கருதுவது பிழையாகும். பள்ளி செல்லாத ஒரு பெண் 1925இல் இதழொன்றை ஏற்று 115 நாவல்களைத் தம் பொறுப்பில் எழுதி வெளியிட முடிந்ததென்றால், கையில் கைபேசியும், கட்டணமில்லா நூல் எண்ணும், வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும் சட்டப் பாதுகாப்பும் உடைய இன்றைய பெண்ணுக்கு, பாம்பனிலோ கீழக்கரையிலோ இருந்துகொண்டே அதைச் செய்வது இயலாததன்று. அவர் முதலில் செய்ய வேண்டியது நல்ல கதையைத் திருத்தமாக எழுதுவது. அடுத்துச் செய்ய வேண்டியது அக்கதை யாருடையது என்பதை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதிக்கொள்வது. இவ்விரண்டையும் செய்பவர் தம் ஊரின் காதலுக்கும் தம் உழைப்புக்கும் தாமே உரிமையாளராக நிற்பார். அவர் நூலுக்கு இலக்கிய வரலாற்றில் உரிய பக்கம் கிடைப்பதும் அப்போதுதான் தொடங்கும்.